போட்டுத் தள்ளு

முதல் பந்து கூடைக்குள் விழுவதற்கு முன்பே பாக்யலட்சுமியின் கீழுதடு கிழிந்துவிட்டது. கிழித்தது ஹேமலதாவின் முழங்கை. நடுவர் பந்தை மேலே எறிந்தார், எல்லோருடைய கண்ணும் பந்தோடு மேலே போனது, முழங்கை கீழே தன் வேலையை முடித்துக்கொண்டது. பெரம்பலூர் அணிக்காரிகள் இதில் விவரமானவர்கள்.

பாக்யா உதட்டை உறிஞ்சி இரத்தத்தை விழுங்கினாள். இரத்தம் நடுவர் கண்ணில் பட்டால் வெளியே போகச் சொல்லிவிடுவார். அரியலூர் அணியில் ஆடுவதற்கு ஐந்து பேர், பெஞ்சில் ஒரே ஒருத்தி. அதனால் விழுங்கிவிட்டு ஓடினாள்.

திருப்பி அடிக்க அவளுக்குத் தெரியாமல் இல்லை. போன வருடம் இதே மண்டலக் கூடைப்பந்துப் போட்டியில், சடையைப் பிடித்து இழுத்த ஒருத்தியின் முன்பற்களைப் பெயர்த்துவிட்டாள். தா.பழூரில் மூன்று அண்ணன்களோடு கட்டிப் புரண்டு வளர்ந்தவள்; அடி வாங்கினால் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் அவளுக்குத் தெரிந்த ஒரே விதி. கல்லூரி அவளை அணியிலிருந்து தூக்கி எறிந்தது. விளையாட்டுத் துறையின் கீதாஞ்சலி மேடம்தான் பிரின்சிபால் அறையில் போய் நின்று, “இனிமே கை ஓங்க மாட்டா சார், அதுக்கு நான் பொறுப்பு” என்று மன்றாடி மீட்டுக்கொண்டு வந்தார். பிரின்சிபால் பாக்யாவைப் பார்த்துச் சொன்னார்: “கை ஓங்குன அன்னைக்கே டிசி. அப்பறம் காலேஜும் இல்ல, பந்தும் இல்ல.”

டிசி என்றதும் பாக்யாவுக்குப் படிப்பின் ஞாபகமே வரவில்லை. வரலாற்றில் பட்டம் வாங்காமல் அவளால் இருந்துவிட முடியும். பந்து இல்லாமல் முடியாது. சில பேருக்கு அப்படித்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்தச் செய்தி பெரம்பலூருக்குப் போய்ச் சேர்ந்திருந்ததுதான் வினை. அவள் கையைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு சும்மா விடுவார்களா? இறுதிப் போட்டி அவர்களுடைய ஊரில், அவர்களுடைய கல்லூரியின் ஏ.சி. அரங்கில், வழுவழுவென்ற மரத்தரையில். பல வருடங்களாகக் கோப்பை அங்கேயேதான் குடியிருந்தது. அரியலூர்ப் பெண்களோ சிமெண்ட் தரையில், சிமெண்ட் ஆலை லாரி கிளப்பும் புழுதியைத் தின்றுகொண்டே பழகியவர்கள். அவர்கள் உள்ளே நுழைந்தபோது கேலரியிலிருந்து ஒருவன், “சிமெண்ட் மூட்டை வந்து எறங்கிருச்சு” என்றான். அரங்கமே சிரித்தது.

சிரிப்பு முதல் பாதிக்குள் அடங்கிவிட்டது. பாக்யாவுக்குப் பந்து கிடைத்தால் போதும், இடது மூலைக்கு ஓடுவாள், எக்கிக் குதிப்பாள், விடுவாள். விட்ட பந்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். ஒவ்வொரு கூடைக்கும் அவளுக்குக் கூலி கிடைத்தது. விலாவில் முட்டி, தொடையில் முழங்கால், கழுத்தில் நகம். ஒரு முறை கீழே விழுந்தவளின் கையை ஹேமலதா தெரியாமல் மிதிப்பதுபோல் மிதித்துத் திருகினாள். இடது சுண்டுவிரல் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டது. பாக்யா அதை வலது கையால் பிடித்து இழுத்து நேராக்கினாள். ‘டொக்’ என்று சத்தம் கேட்டது. எழுந்து ஹேமலதாவின் முகத்துக்கு நேராக நின்றாள். கை தானாக மேலே வரப் பார்த்தது.

“பாக்யா, கைய” என்றார் ஓரத்திலிருந்து கீதாஞ்சலி மேடம். கை இறங்கியது.

மூன்றாவது பகுதியில் அரியலூர் பெரம்பலூரின் புள்ளிக் கணக்கை ஏறக்குறைய தொட்டுவிட்டது. அப்போதுதான் அந்தக் கூத்து நடந்தது.

கீதாஞ்சலி மேடத்துக்கு ஒரு வாய்ப்பழக்கம். யோசிக்காமல் கூடையில் போட்டுக்கொண்டே இரு என்பதற்கு அவர் சொல்வது “போட்டுத் தள்ளு.” அணியில் எல்லோருக்கும் இது பழகிப்போன வார்த்தை. பழகாதவள் ஜெனிட்டா ஒருத்திதான். வரதராஜன்பேட்டைப் பெண், முதல் வருடம், கபடி ஆடிக்கொண்டிருந்தவள். பழைய ஆட்டக்காரி ஒருத்தி காய்ச்சலில் படுத்துவிட்டதால் போன வாரம்தான் அவளை இழுத்து வந்திருந்தார்கள். தலைக்கு மேல் இருக்கும் கூடையைப் பார்த்தாலே அவளுக்குக் கழுத்து வலிக்கும். ஆனால் சொன்ன சொல்லைத் தட்டமாட்டாள்.

கால் சுளுக்கிய ஒருத்திக்குப் பதிலாக அவள் உள்ளே போனாள். பந்து தற்செயலாக அவள் கைக்கு வந்தது. எதிரே ஹேமலதா நின்றாள். ஓரத்திலிருந்து மேடம் தொண்டை கிழியக் கத்தினார்: “ஜெனிட்டா, போட்டுத் தள்ளு.”

ஜெனிட்டா பந்தைக் கீழே போட்டாள். பிறகு இரண்டு கையாலும் ஹேமலதாவின் நெஞ்சில் வைத்து, கபடி பிடித்த உடம்பின் முழு பலத்தோடு தள்ளினாள். ஹேமலதா பின்னால் பறந்து போய்க் கூடைக் கம்பத்தில் மோதினாள். காது மடல் கிழிந்து தோள் வரை இரத்தம் வழிந்தது.

நடுவர் திருச்சிக்காரர். விசிலை வாயிலிருந்து எடுக்காமலே ஓடி வந்தார். “என்னங்க மேடம், நீங்களே சொல்லிக் குடுக்கிறீங்களா?”

“சார், நான் பந்தத்தான் போடச் சொன்னேன்.”

“தள்ளவும் சொன்னீங்களே, என் காதால கேட்டேன்.”

தமிழ் அப்படி இருக்கிறது. ஜெனிட்டாவும் மேடமும் அரங்கை விட்டே வெளியேற்றப்பட்டார்கள். ஜெனிட்டா, “நீங்க சொன்னதத்தானே மேடம் செஞ்சேன்” என்று அழுதுகொண்டே போனாள். கதவுக்குப் பக்கத்தில் மேடம் திரும்பிப் பாக்யாவைப் பார்த்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடுதான் பாக்யாவைக் கலக்கியது. அவ்வளவு பெரியவர் தன்னைப் பார்த்துக் கும்பிடும்படி ஆகிவிட்டதே.

சுளுக்கிய காலோடு அந்தப் பெண்ணே நொண்டிக்கொண்டு திரும்பி வந்தாள். கடைசிப் பகுதியை ஆட்டம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. காதில் பிளாஸ்திரியோடு ஹேமலதாவும் திரும்பியிருந்தாள். கன்னத்தில் முழங்கை, முதுகில் முட்டி, மறுபடி அந்தச் சுண்டுவிரல். அப்போதுதான் பாக்யா ஒன்றைக் கவனித்தாள். அடிப்பதற்கு முன்பு ஹேமலதா ஒவ்வொரு முறையும் தன் பெஞ்சைப் பார்த்தாள். அங்கே அவர்களுடைய கோச் தர்மராஜ், வெள்ளைச் சட்டையும் தங்க பிரேம் கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்தான். “ஹேமா” என்பான், அவ்வளவுதான். அடுத்த நொடி அடி விழும்.

ஆட்டம் முடிய மூச்சு விடும் நேரம்தான் இருந்தது. அரியலூர் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. பந்து பாக்யாவிடம் வந்தது, அவள் இடது மூலைக்கு ஓடினாள். “ஹேமா” என்ற குரல் அவளுக்கும் கேட்டது. அடி வரப்போகிறது என்று தெரிந்தேதான் குதித்தாள். ஹேமலதாவின் முன்கை குறுக்கே வந்து மூக்கில் இறங்கியது. எலும்பு நொறுங்கும் சத்தம் மண்டைக்குள் கேட்டது. கண் இருட்டியது. பந்தை எப்போது விட்டாள் என்று அவளுக்கே தெரியாது. மல்லாந்து விழுந்து கிடந்தவளுக்கு, வலை அசையும் மெல்லிய சத்தமும், அதற்குப் பிறகு முடிவுச் சங்கும், அதற்குப் பிறகு கேலரியின் மௌனமும் கேட்டன.

ஒரு புள்ளியில் அரியலூர் ஜெயித்துவிட்டது. அவர்களுடைய மொத்தக் கணக்கில் முப்பத்தேழு புள்ளிகள் பாக்யா போட்டவை. தோழிகள் அவள் மேல் விழுந்து அழுதார்கள், சிரித்தார்கள், முத்தம் கொடுத்து வாயெல்லாம் அவளுடைய இரத்தத்தை அப்பிக்கொண்டார்கள். பாக்யா அதை ஓட விட்டாள். இனிமேல் விழுங்க வேண்டியதில்லை. பிறந்ததிலிருந்து இவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததில்லை.

தோழிகளின் தோளுக்கு மேலாகத்தான் அவள் அதைப் பார்த்தாள்.

தர்மராஜ் ஹேமலதாவைக் கூடைக்கு அடியில் நிறுத்தி வைத்து அறைந்துகொண்டிருந்தான். பிளாஸ்திரி ஒட்டிய அதே காதில். “ஒரு கவர்ன்மெண்ட் காலேஜ் நாய அடிச்சுப் படுக்க வைக்கத் துப்பில்ல, ஒனக்கு ஓசிச் சோறு ஒரு கேடா?” என்றான். மறுபடி அறைந்தான். ஹேமலதா கண்ணை மூடவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெகு நாளாக வாங்கிப் பழகியவள் நிற்கும் நிலை அது. கேலரியில் ஐந்நூறு பேர் இருந்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

பாக்யா தோழிகளை விலக்கிக்கொண்டு நடந்தாள். அந்த நடையில் அவள் எதையும் யோசித்தாள் என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன். கை ஓங்கியது. இந்த முறை யாரும் கூப்பிடவில்லை. தங்க பிரேம் கண்ணாடி கேலரியின் மூன்றாவது வரிசைக்குப் பறந்தது. தர்மராஜ் பின்பக்கமாக உட்கார்ந்து, பிறகு படுத்தான்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. ஆட்டம் முடிந்த பிறகு நடந்த சண்டை என்பதால் கோப்பை அரியலூருக்குத்தான் என்றார்கள். சிறந்த ஆட்டக்காரி பரிசிலிருந்து பாக்யாவின் பெயரை நீக்கினார்கள். யாரோ பிரின்சிபாலுக்குப் போன் போட்டார்கள். அவர் அதிகம் பேசவில்லை. “திங்கக்கெழம வந்து டிசிய வாங்கிக்கச் சொல்லுங்க” என்று வைத்துவிட்டார்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்ற கீதாஞ்சலி மேடம் இதைக் கேட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “பாவி, ஜெயிச்சிட்டு வந்து இப்படிப் பண்ணிட்டியே” என்றார். பாக்யா அரங்கத்துக்குப் பின்னால் இருந்த குழாயடிக்குப் போய் மூக்கைக் கழுவினாள். தண்ணீர் பட்டதும் உயிர் போய் வந்தது.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பினாள். திரும்பிய கன்னத்தில் ஹேமலதா ஓங்கி ஓர் அறை விட்டாள்.

“யாருடி ஒன்னக் கூப்புட்டா?”

பாக்யா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நீ பஸ் ஏறிப் போயிருவ. நான் எங்க போவேன்? எனக்கு சீட்டு அவன் குடுத்தது, ஹாஸ்டலு அவன் குடுத்தது. நாளைக்கு அவன் முன்னாடிதான் போயி நிக்கணும்.”

“எனக்கும் காலேஜ் போயிருச்சு” என்றாள் பாக்யா. “டிசி குடுக்கிறாங்க.”

ஹேமலதா ஓர் அடி கிட்டே வந்தாள். “எனக்காகவா அடிச்ச?”

“தெரியல. என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியல.”

“ரெண்டு வருஷமா வாங்குறேன்டி” என்றாள் ஹேமலதா. “தெனமும் ராத்திரி படுத்துக்கிட்டு நெனச்சுப் பாப்பேன். என்னைக்காவது ஒரு நாளு திருப்பி ஒண்ணு விடணும்னு. எங்க விடணும், எப்படி விடணும், எல்லாம் யோசிச்சு வச்சிருந்தேன். மேட்ச எடுத்துக்கிட்ட, சரி. கோப்பைய எடுத்துக்கிட்ட, சரி. அந்த அறை என்னோடது. அதையும் நீயே எடுத்துக்கிட்டியே.”

அன்றைக்கு வாங்கிய அத்தனை அடியிலும் பாக்யாவுக்கு இதுதான் வலித்தது. மன்னிப்புக் கேட்கலாமா என்று பார்த்தாள்.

“அவன் இன்னும் உள்ளதான் இருக்கான்” என்றாள்.

ஹேமலதா அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு காதிலிருந்த பிளாஸ்திரியைப் பிய்த்துக் கீழே போட்டுவிட்டு அரங்கத்துக்குள் போனாள். பாக்யா குழாயை மூடினாள். மூக்கைப் பொத்திக்கொண்டு, அறை விழும் சத்தம் கேட்கிறதா என்று காத்து நின்றாள். கேட்டது.