கடைமடைக்கு ஒரு தண்ணீர்

ஒரு வேளைச் சோற்றுக்காகச் சென்னையிலிருந்து எண்பது கிலோமீட்டருக்கு மேல் கார் ஓட்டி வந்து, படகு ஏறி, தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு உட்காருவார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் பெரியேரிக்காரர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் வந்தார்கள். இரண்டு வருடம் சனி, ஞாயிறு தவறாமல் வந்தார்கள். கனகம்மாசத்திரத்தில் பிரிந்து உள்ளே வந்த கார்கள் ஏரிக்கரை நெடுக நின்றன. கரையில் மாடு ஓட்டிப் போக வழியில்லாமல் போயிற்று.

ஏரியின் நடுவில் நாலு வேலமரமும் கொக்கு எச்சமுமாகக் கிடந்த திட்டு அது. பிரேம்குமார் என்கிற சென்னைக்காரர் அதைக் குத்தகைக்கு எடுத்தார். வெளிநாட்டுக் கப்பலில் சமையல் தலைவராக இருந்தவர். கங்கையம்மன் கோயிலுக்குப் புதுக் கொட்டகை போட்டுக் கொடுத்தார். ஊர் வாயை மூடிக்கொண்டது. திட்டின் ஓரத்தில், தண்ணீருக்குள்ளேயே, ஆறு கல்மேஜை போட்டார். ஒரு நேரத்துக்குப் பன்னிரண்டு பேர்தான். எட்டுச் சுற்று விருந்து. முதல் சுற்றில் ஒரு கருங்கல் பலகை வரும். அதன் மேல் நெல்லிக்காய் அளவு கேழ்வரகுக் களி, அதற்கு மேல் ஒரு சொட்டு நண்டுக் குழம்பு. அந்தச் சொட்டை வைக்க ஒரு ஆள். அது எந்த வயல் நண்டு என்று சொல்ல இன்னொரு ஆள். சாப்பிடுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு மென்றார்கள். காலடியில் குஞ்சு மீன்கள் வந்து கடித்தால் கூச்சலிட்டார்கள். பிறகு திருத்தணி மலைக் கோபுரம் பின்னால் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

இதற்கெல்லாம் ஆதாரம் ஏரியின் மட்டம். தண்ணீர் கணுக்காலுக்கு மேல், முட்டிக்குக் கீழ் நிற்க வேண்டும். கல்மேஜைக் காலில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டிருந்தார் பிரேம்குமார். தண்ணீர் அந்தக் கோட்டுக்கு ஒரு அடி கீழே போனால் மேஜைகள் சேற்றில் நிற்கும். சேற்றில் கால் வைத்துச் சாப்பிட யாரும் எண்பது கிலோமீட்டர் வர மாட்டார்கள்.

அந்த ஏரியின் மதகு தங்கவேலின் கையில் இருந்தது.

தங்கவேல் நீர்க்கட்டி. மதகைத் திறந்து, வாய்க்காலில் விட்டு, வயல் வயலாகத் தண்ணீரை முறைப்படி பாய்ச்சுகிறவன். அவன் அப்பனும் நீர்க்கட்டிதான். பெரியேரியில் இந்த வேலை எப்போதும் நிலம் இல்லாத குடும்பத்துக்குத்தான். நிலம் உள்ளவனிடம் மதகைக் கொடுத்தால் அவன் மண்வெட்டி தன் வயல் பக்கமே திரும்பும். ஒன்றும் இல்லாதவனுக்கு எல்லா வயலும் ஒன்று. ஊரில் ஆயிரம் சண்டை உண்டு. ஆனால் தங்கவேல் வைத்த தண்ணீரைப் பற்றி இதுவரை ஒரு பேச்சு வந்ததில்லை. அந்தப் பெயர்தான் அவனுக்கு இருந்த ஒரே சொத்து.

பிரேம்குமார் அவனைப் படகு ஓட்ட வைத்தார். மாதச் சம்பளம், நீலச் சட்டை. மனைவி மணியம்மைக்குத் திட்டின் சமையல்கட்டில் கல்பலகை கழுவும் வேலை. மகள் கயல்விழி நர்ஸ் படிப்பில் சேர்ந்தாள். ஆக, தண்ணீரில் எந்தப் பங்கும் இல்லாதிருந்த மனுஷனுக்கு முதல்முறையாகத் தண்ணீர் மேல் ஒரு பிழைப்பு உண்டானது. இதை ஊர் கவனிக்கவில்லை. தங்கவேலும் கவனிக்கவில்லை என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

இரண்டாம் வருட மார்ச்சில் வெயில் முன்கூட்டியே வந்துவிட்டது. மற்றவர்களுக்குப் போர்க்கிணறு இருந்தது. கடைமடையில், வாய்க்கால் முடிகிற இடத்தில் வயல் வைத்திருந்த வேதாசலத்தின் போர் மட்டும் வற்றிப்போயிற்று. இரண்டு ஏக்கர் நெல். கதிர் வந்து, பால் பிடிக்கிற நேரம். அந்த நேரத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் கதிர் நிற்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

புதன்கிழமை காலையில் வேதாசலம் படகுத்துறைக்கு வந்தார். அறுபதை நெருங்குகிற ஆள். யாரிடமும் கேட்டுப் பழக்கமில்லாதவர், அதனால் கேட்பதே அதட்டுவது மாதிரி இருக்கும்.

"இன்னா தங்கவேலு, பயிரு காயுது. இன்னிக்கி மதகத் தொற. ஒரு தண்ணி போதும், அதுக்கு மேல கேக்க மாட்டேன்."

"ஆங், தொறக்கிறேங்க" என்றுதான் தங்கவேல் சொன்னான். படகைக் கட்டிவிட்டுக் கிளம்பவும் செய்தான்.

பிரேம்குமார் அவனைத் தனியே கூப்பிட்டார். அவர் குரலை உயர்த்துகிற ஆள் இல்லை. "இந்த சனி, ஞாயிறு பெரிய கம்பெனிக்காரங்க வர்றாங்கண்ணா. இது நல்லா நடந்துச்சுன்னா வருஷம் முழுக்க வருவாங்க. தண்ணி இப்பவே கோட்டுல நிக்குது. திங்கட்கிழமை திறந்துக்கங்க. நாலு நாள்தானே?"

நாலு நாள்தானே என்று தங்கவேலுக்கும் தோன்றியது. மணியம்மையிடம் கேட்டான். அவள் பலகை கழுவுவதை நிறுத்தவில்லை. "நாலு நாளு தாங்கும்யா. பொண்ணு படிப்ப நெனச்சிக்க" என்றாள்.

முடியாது என்று வேதாசலத்தின் முகத்துக்கு நேரே சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. சம்பளம் கொடுக்கிறவர் சொன்னதைக் கேட்டு மதகை மூடி வைத்தான் என்று ஊர் பேசும். அதனால் சாயங்காலம் அவர் வந்து கேட்டபோது வாய்க்கு வந்த ஒரு பொய்யைச் சொன்னான்.

"கட்டை இறுகிப் போய்க்கீதுங்க. எம்மாந்தான் திருப்பினாலும் அசையல. பட்டறை ஆள வரச் சொல்லிக்கீறேன். திங்கக்கெழம வருவான்."

அந்த மதகைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். பழைய மதகு. ஏரிக்குள், கரையை ஒட்டி, ஆள் உயரத்துக்கும் மேலான ஆழத்தில் ஒரு கல்பலகை. அதில் தலை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. அதை மேலிருந்து ஒரு மரக்கட்டை அடைத்திருக்கும். கட்டையைத் தூக்க மேலே இருந்த இரும்புக் கம்பி ஒடிந்து ஆறு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து தங்கவேல்தான் மூச்சை அடக்கி முங்கி, கையால் திறப்பான். அதற்கு ஒரு முறை உண்டு. ஓட்டைக்கு நேரே நிற்கக்கூடாது, பக்கத்தில்தான் கால் ஊன்ற வேண்டும். கட்டையை ஒரு திருப்புத் திருப்பி, நாலு விரல் தூக்கி, இடுக்கில் கல்லைச் செருகிவிட்டு மேலே வந்துவிட வேண்டும். மொத்தமாகப் பிடுங்கினால் ஏரி முழுவதும் அந்த ஓட்டைக்குள் பாயப் பார்க்கும். பக்கத்தில் இருப்பது எதுவானாலும் இழுத்துக்கொள்ளும்.

வியாழக்கிழமை வேதாசலம் மறுபடி வந்தார். "கடப்பாரைய வச்சி நெம்பிப் பாத்தியா?" என்று கேட்டார்.

"பாத்தேங்க. அதுக்கும் வரல."

ஒரு பொய்க்குக் காவலாக இன்னொரு பொய். வேதாசலம் அவனைச் சந்தேகப்படவில்லை. தங்கவேல் தண்ணீர் விஷயத்தில் பொய் சொல்லுவான் என்று அந்த ஊரில் யாருக்குமே தோன்றியிருக்காது. "அப்பிடி இன்னாடா இறுக்கம்" என்று முனகிக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. வயலின் மேல்புறத்தில் பயிர் நுனி கருகத் தொடங்கியிருந்ததைத் தங்கவேல் சைக்கிளில் போகும்போது பார்த்தான். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் விடியலில் போய்த் திறந்துவிடலாமா என்றுகூட நினைத்தான். நினைத்ததோடு சரி.

சனிக்கிழமை மத்தியானம் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். நான்காம் சுற்று முடிந்திருந்தது. இரண்டு பெண்கள் படகில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டார்கள். தங்கவேல் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று படகைப் பிடித்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் தூரத்தில், மதகு மேல், வேதாசலத்தைப் பார்த்தான். சட்டையைக் கழற்றி மடித்துக் கரையில் வைத்தார். கையில் கடப்பாரை இருந்தது.

தங்கவேல் கத்தியிருக்கலாம். கத்தினால் என்ன சொல்லிக் கத்துவது? கட்டை இறுகவில்லை, நெம்பாதீங்க என்றா? பக்கத்தில் பிரேம்குமார் நின்றார், விருந்தாளிகள் இருந்தார்கள். ஒரு தடவை முங்கிப் பார்ப்பார், மூச்சு முட்டும், ஏறிவிடுவார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். "அண்ணா, படகைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்களேன், கோபுரம் வரலை" என்றாள் படகிலிருந்த ஒருத்தி. திருப்பினான்.

திருப்பிவிட்டு நிமிர்ந்தபோது மதகு மேல் ஆள் இல்லை. எண்ணிக்கொண்டே நின்றான். முங்குகிறவனுக்கு மூச்சு எவ்வளவு நேரம் தாங்கும் என்று அவனை விடத் தெரிந்தவன் அந்த ஊரில் கிடையாது. அந்த நேரம் கடந்தது.

படகை விட்டுவிட்டு நீந்தினான். திட்டிலிருந்து மதகு கூப்பிடு தூரம்தான். அன்று அது முடியவே இல்லை. முங்கினான். கலங்கல் தண்ணீரில் கை முதலில் கடப்பாரையில் பட்டது, பிறகு தலைமுடியில். வேதாசலத்தின் வலது கால் தொடை வரைக்கும் ஓட்டைக்குள் போயிருந்தது. இறுகிக் கிடக்கிற கட்டை என்று நம்பி, ஓட்டைக்கு நேராக நின்று, இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு நெம்பியிருக்கிறார். ஒரு திருப்பில் வருகிற கட்டை. பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. தங்கவேல் அவரைக் கட்டிப்பிடித்து இழுத்தான். ஏரி அதற்கு மேல் பலமாக இழுத்தது. மேலே வந்து கத்தினான், மறுபடி முங்கினான். ஐந்தாவது முறை முங்கியபோது அவருடைய கை இவன் தோளில் வந்து படிந்தது. பிடித்தது என்று நினைத்து உயிர் வந்தது இவனுக்கு. அது பிடிக்கவில்லை, தண்ணீரில் சும்மா ஆடியிருக்கிறது.

கயிறு கட்டி, ஜேசிபி வைத்து அவரை வெளியே எடுக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. விருந்தாளிகளை வேறு படகில் ஏற்றி எப்போதோ அனுப்பிவிட்டார்கள். வேதாசலத்தை எடுத்ததும், அதுவரை அவர் அடைத்து வைத்திருந்த தண்ணீர் வாய்க்காலில் பாய்ந்தது. அடைக்கக் கட்டை இல்லை. கரையில் மூர்ச்சையாகிக் கிடந்த வேதாசலத்தின் மனைவி தமயந்தி எழுந்து ஆம்புலன்ஸ் பின்னால் ஓடினாள். ஊரே ஓடியது. தங்கவேல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலோடு நடந்தான். அழுதுகொண்டே நடந்தான். கடைமடையில் மடையை வெட்டி, வேதாசலத்தின் வயலுக்குத் தண்ணீரைத் திருப்பினான். வெடித்திருந்த மண் சத்தம் போட்டுக்கொண்டு குடித்தது.

மதகை அடைக்க இரண்டு நாள் ஆனது. அதற்குள் ஏரி பாதி இறங்கி, கல்மேஜைகள் சேற்றில் நின்றன. பிரேம்குமார் மழைக்காலத்தில் திறப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். போலீஸ் வந்து விசாரித்தபோது தங்கவேல் வாய் திறக்கும் முன்பே ஊர் சொல்லிவிட்டது: கட்டை இறுகியிருக்கிறது என்று தங்கவேல் சொல்லிக்கொண்டேதான் இருந்தான், இவர்தான் பொறுக்கவில்லை. சாவு வீட்டில் அவனைத் தட்டிக்கொடுத்தவர்கள் உண்டு. ஐந்து தடவை முங்கினானே, தன் உயிரைப் பார்க்காமல், என்றார்கள்.

ஏப்ரல் கடைசியில் வேதாசலத்தின் வயலை அறுத்தார்கள். மேல்புறம் கொஞ்சம் பதர், மற்றபடி நல்ல நெல்.

அறுத்த மறுநாள் காலையில் தமயந்தி தங்கவேலின் வீட்டு வாசலுக்கு வந்தாள். அவளுடைய மகன் அருண்பாண்டியன் டிராக்டரிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, தெருமுனையில் வண்டியைத் திருப்பப் போனான். ஒவ்வொரு அறுப்பிலும் நீர்க்கட்டிக்கு நிலத்துக்காரர்கள் கொடுக்கிற பங்கு அது.

"உம் மேல ஒரு தப்பும் இல்ல தங்கவேலு" என்றாள் தமயந்தி. "நீ சொல்லிக்கினேதான் இருந்தே. அவருதான் கேக்கல. நீ தண்ணி திருப்பலன்னா இதுவும் வந்திருக்காது. எடுத்துக்க."

மணியம்மை உள்ளிருந்து அவனையே பார்த்தாள். தங்கவேலால் மூட்டையைத் தொட முடியவில்லை.

"கட்டை இறுகலம்மா" என்றான்.

தமயந்திக்குப் புரியவில்லை.

"ஒரு திருப்புல வந்திருக்கும். திட்டுல விருந்து இருந்திச்சி. திங்கக்கெழம தொறக்கலாம்னு பொய் சொன்னேன். அவரு அத்த நம்பித்தான் அப்பிடி நெம்பிக்கீறாரு."

தமயந்தி முந்தானையை எடுத்து வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தெருமுனையில் டிராக்டர் திரும்புகிற சத்தம் கேட்டது. அதைக் கேட்டதும் அவள் கையை இறக்கினாள்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"இவளுக்கு. அந்த ஓட்டல்காரருக்கு."

"அதோட நிக்கட்டும். அருணுக்குத் தெரிஞ்சா உன்ன வெட்டிப் போட்டுட்டு ஜெயிலுக்குப் போவான். எனக்கு மிச்சம் கீறது அவன் ஒருத்தன்தான்."

"போலீஸ்ல போய் சொல்லிடறேம்மா. என்னால தாங்க முடியல."

"தாங்கித்தான் ஆவணும்" என்றாள் தமயந்தி. குரல் உயரவில்லை. "சொல்லிட்டா உனக்கு பாரம் எறங்கிடும். எறங்கக் கூடாது. ஊரு உன்ன நல்லவன்னு சொல்லும், நீ கேட்டுக்கினு இருக்கணும். அடுத்த போகத்துக்கும் எங்க வயலுக்கு நீதான் தண்ணி கட்டணும். நான் உசுரோட கீற வரிக்கும் உம் பங்க நானே கொண்டாந்து குடுப்பேன். நீ வாங்கிக்கணும். தூக்கு."

அருண்பாண்டியன் வண்டியை வாசலில் நிறுத்தினான். "இன்னாண்ணே, கனமா கீதா? நான் ஒரு கை புடிக்கட்டா?" என்று இறங்கி வந்தான்.

"வாணாம்பா" என்றான் தங்கவேல். குனிந்து மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டான். அவர்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நிற்க, அதை வீட்டுக்குள் தூக்கிப் போனான்.