லீட்ரிமுக்கு ஆள் இல்லை

தான் பார்த்துக்கொள்ளும் திருமதி ஃபெல்ட்மனுக்கு மூன்றாவது ஸ்பூன் ஓட்ஸ் கஞ்சியை ஊட்டிக்கொண்டிருந்தபோது டிம்ப்னாவின் போன் அடித்தது. திரையில் மலாக்கியின் பெயர். ஜனவரிக்குப் பிறகு அவன் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. நியூயார்க்கை ஒட்டிய யாங்கர்ஸில் பார் நடத்துகிறவன், கத்தோலிக்கக் கோவிலில் பங்குமக்கள் பேரவைத் தலைவன், டிம்ப்னா அயர்லாந்திலிருந்து அமெரிக்காவுக்கு வந்த அதே வருஷம் வந்தவன். எடுக்க வேண்டாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் கிழவிக்குப் போன் மணி அடித்துக்கொண்டே இருந்தால் பிடிக்காது.

"டிம்ப்னா, ஞாயித்துக்கிழமை டப்ளின்லருந்து அமைச்சர் வர்றாரு, தெரியுமில்ல? பாட்ரிக் திருநாள் பூசைக்கு. முப்பத்திரண்டு மாவட்டத்துக்கும் ஆளுக்கொரு ஜெர்சி போட்டு நடுப்பாதையில ரெண்டு பக்கமும் நிக்கிறோம். டிவிக்காரங்கல்லாம் வர்றாங்க. முப்பத்தொண்ணு தேறிடுச்சு. லீட்ரிமுக்குத்தான் ஆள் இல்ல. உங்கிட்ட அந்த ஜெர்சி இருக்கில்ல?"

"எந்த ஜெர்சி?"

"அதான்... ஃபெலிமோடது."

ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தாள். ஃபெலிம் அவளுடைய தம்பி. இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

லீட்ரிம் அயர்லாந்திலேயே மக்கள்தொகை குறைந்த மாவட்டம். அயர்லாந்தின் சொந்த ஆட்டமான கேலிக் கால்பந்தில் அதன் அணி ஜெயிப்பது அங்கே மழை பெய்யாத வாரம் மாதிரி, எப்போதாவது. தொண்ணூற்று நான்கில் மாகாணக் கோப்பையை ஜெயித்தார்கள், அறுபத்தேழு வருஷத்துக்குப் பிறகு. அன்று வாங்கிய ஜெர்சியோடுதான் அடுத்த வருஷம் ஃபெலிம் நியூயார்க்கில் வந்து இறங்கினான். அக்காளுக்குக் குலுக்கலில் கிரீன் கார்டு விழுந்திருந்தது. தம்பி வருவதற்குள் அந்தக் குலுக்கல் முடிந்துவிட்டது. அவ்வளவுதான் இருவருக்கும் வித்தியாசம். அவள் வருஷா வருஷம் ஊருக்குப் போய் வந்தாள். அவன் இருபத்தொன்பது வருஷம் போகவில்லை. பேப்பர் இல்லாதவன் போனால் திரும்ப விடமாட்டார்கள். பூமிக்கடியில் தண்ணீர்க் குழாய்க்கான சுரங்கம் தோண்டினான், கூரை போட்டான், தூசியைத் தின்றான். அம்மா செத்தபோது அந்த ஊர்க் கோவிலின் கேமரா வழியாக லேப்டாப்பில் அடக்கப் பூசை பார்த்தான். சமையலறையில், கோட்டு சூட்டு டை எல்லாம் போட்டுக்கொண்டு, ஒரு மணி நேரமும் நின்றபடியே. உட்காருடா என்று அவள் சொன்னதற்கு, "கோவில்ல எல்லாரும் நிக்கிறாங்கல்ல" என்றான்.

கால்பந்து சீசன் தொடங்கிவிட்டால் ஞாயிறு பூசைக்கு அவன் அந்தப் பச்சை மஞ்சள் ஜெர்சியில்தான் வருவான். வாசலில் நிற்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். கடைசியில் நின்றுகொள்வான். நன்மை அப்பம் வாங்க வரும்போது மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடுப்பாதையில் நடப்பான், லீட்ரிமே தன் பின்னால் வருகிற மாதிரி.

ஜனவரியில் நுரையீரல் அவனைக் கொண்டுபோயிற்று. அடக்கப் பூசையன்று டிம்ப்னா சவப்பெட்டியின் மேல் ஜெர்சியை விரித்து வைத்தாள். ஃபாதர் லீஹி அருகில் வந்து மெதுவான குரலில், "பெட்டி மேல வெள்ளைத்துணி மட்டும்தாம்மா போடலாம். ஆண்டவர் முன்னால டீம் எல்லாம் கிடையாது" என்றார். அவள் கை அசையவில்லை. மலாக்கிதான் வந்து ஜெர்சியை எடுத்தான். நான்காக மடித்து, பஸ்ஸில் யாரோ விட்டுப்போன மப்ளரைக் கொடுப்பதுபோல அவள் கையில் கொடுத்தான். "பிரச்சினை பண்ணாத டிம்ப்னா, எல்லாரும் பாக்குறாங்க." பூசை முழுக்க அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்று சண்டை போடாமல் இருந்துவிட்டாளே என்பது இன்றுவரை நெஞ்சில் எலும்பு மாதிரி குத்திக்கொண்டிருக்கிறது. மறுநாள் பெட்டி விமானத்தில் ஏறியது. உயிரோடு இருந்தபோது இருபத்தொன்பது வருஷம் முடியாதது, பிணமானபின் ஐந்தே நாளில் முடிந்தது. சரக்கோடு சரக்காகப் போனான். யாரும் பேப்பர் கேட்கவில்லை.

"ஜனவரியில கோவிலுக்கு ஆகாத துணி மார்ச்சுல ஆயிடுச்சா மலாக்கி?"

"அது வேற, இது வேற. அது சாவுப் பூசை, அதுக்குன்னு முறை இருக்கு. இது கொண்டாட்டம். ஃபாதரே சரின்னுட்டாரு."

"ஜெர்சி இங்க இல்ல. அவன்கூடவே ஊருக்குப் போயிடுச்சு. அங்க பீடத்துக்கு முன்னால வச்சாங்க. ஒருத்தர் வாய் திறக்கல."

அவனுக்கு உறைத்திருக்கும் என்று அவள் நினைத்தாள்.

"சரி, பரவால்ல விடு" என்றான் மலாக்கி. "கெர்ரி மாவட்டத்துக்காரங்களுக்கும் பச்சை மஞ்சள்தானே. இன்னொரு கெர்ரிக்காரனை நிக்க வச்சிடறேன். அமைச்சருக்கு என்ன தெரியப்போவுது?"

டிம்ப்னா போனைக் கஞ்சிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். கெர்ரியாம். வீட்டு அலமாரியில் கோப்பை வைக்க இடமில்லாத கெர்ரி. லீட்ரிம்காரன் எங்கே ஜெர்சி போட்டுப் போனாலும் "ஓ, கெர்ரியா?" என்ற கேள்வியைக் கேட்டுக் கேட்டே ஃபெலிம் பாதி ஆயுளைக் கழித்தான். செத்த பிறகும் அவனிடத்தில் கெர்ரிக்காரனா?

"யார் அது?" என்றாள் திருமதி ஃபெல்ட்மன். தொண்ணூற்றொரு வயது. "யாரையாவது திட்டணும்னா எங்கிட்ட குடு. இந்த வயசுல என்னை யாரும் ஒண்ணும் பண்ண முடியாது."

"நானே திட்டிக்கிறேன்மா" என்றாள் டிம்ப்னா. "நீங்க கஞ்சியைக் குடிங்க."

ஞாயிற்றுக்கிழமை அவள் போட்டுக்கொண்டது அடக்கத்துக்குப் போட்ட அதே கறுப்புக் கோட்டு. கோவிலுக்குள் நுழைந்ததும் கண் கூசியது. எங்கே பார்த்தாலும் ஜெர்சி. இத்தனை நாள் ஜெர்சியோடு வந்தவர்களைக் கடைசி வரிசைக்குத் தள்ளியவர்கள், இன்று ஜெர்சி இல்லாதவர்களைக் கடைசி வரிசைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு ஜெர்சிக்காரர் கழுத்திலும் மாவட்டத்தின் பெயர் எழுதிய அட்டை தொங்கியது. மேயோ அட்டையோடு நின்ற பெண்ணுக்குப் பக்கத்தில் கட்டையான ஒரு மனிதர், குழாய் ரிப்பேர் செய்யும் மூரிஸ். உடம்பில் கெர்ரி ஜெர்சி, கழுத்தில் லீட்ரிம் அட்டை. அவளைப் பார்த்ததும் அவர் முகம் சிவந்துபோனது.

"என்னைத் திட்டாதீங்கக்கா. மலாக்கி மாட்டி விட்டுட்டான். எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருக்கு."

"கழட்டு."

விட்டால் போதும் என்று கழற்றிக் கொடுத்துவிட்டு அவர் பெஞ்சுப் பக்கம் ஒதுங்கினார். டிம்ப்னா அட்டையைக் கோட்டின் மேல் மாட்டிக்கொண்டு அவர் நின்ற இடத்தில் நின்றாள். வரிசையின் கடைசியில் கால்வேயின் மெரூன் ஜெர்சியில் நின்றிருந்த மலாக்கி பல்லைக் கடித்துக்கொண்டு வந்தான்.

"என்ன பண்ற? ஜெர்சி இல்லாம எப்படி? கறுப்புக் கோட்டுல நின்னா போட்டோல ஓட்டை மாதிரி தெரியும்."

"ஓட்டைதான். அப்படியே தெரியட்டும்."

"கெஞ்சிக் கேக்கறேன் டிம்ப்னா..."

"போன தடவை நீ சொல்லி நான் கேட்டேன். இந்தத் தடவை நீ கேளு. போய் உன் இடத்துல நில்லு."

ஆர்கன் ஒலிக்கத் தொடங்கிவிட்டதால் அவன் போக வேண்டியதாயிற்று.

நன்மை கொடுத்து முடிந்ததும் அமைச்சரைப் பேச அழைத்தார்கள். நல்ல உயரம், நல்ல குரல், பச்சை டை. இந்த ஒவ்வொரு ஜெர்சியும் ஒரு வீடு என்றார். கடல் தாண்டியும் நீங்கள் ஊரை மறக்கவில்லை, ஊரும் உங்களை மறக்கவில்லை என்றார். ஆவணம் இல்லாமல் தவிக்கும் நம் பிள்ளைகளைப் பற்றி வாஷிங்டனில் அழுத்தமாகப் பேசியிருக்கிறோம் என்றார். கைதட்டல். டிம்ப்னா கணக்கில்லாத அமைச்சர்களின் வாயிலிருந்து இதே வாக்கியத்தை இதே கோவிலில் கேட்டிருக்கிறாள். தொடக்கத்தில் ஃபெலிம் கை வலிக்கத் தட்டுவான். வீட்டுக்குப் போகும் வழியில், "இந்த ஆளு செய்வாரு பாருக்கா" என்பான். பிறகு தட்டுவதை நிறுத்தினான். பிறகு, அந்த வாக்கியம் வரும்போது குனிந்து ஷூவைப் பார்ப்பான்.

பாடற்குழு பாடத் தொடங்கியது. அமைச்சர் வரிசையாகக் கை குலுக்கிக்கொண்டே வந்தார். கேமராவும் கூடவே வந்தது. அவருக்குப் பின்னால் நோட்டும் பேனாவுமாக ஒரு இளம்பெண், அவருடைய உதவியாளர். கறுப்புக் கோட்டைப் பார்த்ததும் அமைச்சர் சிரித்தார்.

"லீட்ரிமா! ஜெர்சியைத் துவைக்கப் போட்டுட்டீங்களா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். டிம்ப்னா அவர் கையைப் பிடித்தாள். முப்பது வருஷமாகக் கிழவர்களைக் கட்டிலிலிருந்து தூக்கி உட்கார வைத்த கை அது.

"என் தம்பியோட பெட்டி மேல போட்டிருந்தேன், ஐயா. இதே இடத்துல. கூடாதுன்னு எடுத்துட்டாங்க. இன்னிக்கு உங்களுக்காகப் போடச் சொல்றாங்க."

"அடடா, ரொம்ப வருத்தமா..."

"அவன் உங்களை மாதிரி வந்த அமைச்சருங்க நாலு பேருக்குக் கை குடுத்திருக்கான். நாலு பேரும் வாஷிங்டன்ல பேசிட்டோம்னுதான் சொன்னாங்க. எங்கம்மா சாவை அவன் சமையக்கட்டுல நின்னு பாத்தான். நீங்க யாருகிட்ட பேசினீங்க? என்ன பேசினீங்க? அதுல ஒரு பேராவது சொன்னீங்களா?"

அமைச்சர் கையை உருவிப் பார்த்தார். வரவில்லை. கேமராக்காரர் எடுப்பதா நிறுத்துவதா என்று தெரியாமல் திரும்பி யாரையோ பார்த்தார். மலாக்கி கண்ணை மூடிக்கொண்டான்.

"பேரைச் சொல்லுங்கம்மா, குறிச்சுக்கறோம்" என்று உதவியாளர் நோட்டைத் திறந்தாள். டிம்ப்னா சொன்னதை எழுதிக்கொண்டு வாசித்துக் காட்டினாள். "ஃபிலிப் மல்வி... சரியா?"

"ஃபெலிம்."

அவள் எழுதியதை அடித்துவிட்டு மறுபடி தப்பாக எழுதினாள். டிம்ப்னா அமைச்சரின் கையை விட்டுவிட்டு நோட்டையும் பேனாவையும் வாங்கினாள். பெரிய எழுத்தில், ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். ஃபெலிம் மல்வி. லீட்ரிம். இருபத்தொன்பது வருஷம். திருப்பிக் கொடுக்க நீட்டியபோது இடையில் ஒரு கை வந்தது. மேயோ ஜெர்சி போட்ட பெண்ணின் கை.

"இங்க குடு டிம்ப்னா" என்றாள் அவள். "எங்க வீட்டுக்காரர் பேரு ஒண்ணு இருக்கு."

அவள் எழுதி முடித்து அடுத்தவரிடம் கொடுத்தாள். ராஸ்காமன்காரர் முழங்காலில் வைத்து எழுதினார். அவருக்கு எழுத இரண்டு பெயர்கள் இருந்தன. உதவியாளர் கையை நீட்டிக்கொண்டு நோட்டின் பின்னாலேயே நகர்ந்துகொண்டிருந்தாள். பீடத்தில் ஃபாதர் லீஹி இறுதி ஆசீருக்காக விரித்த கைகளை விரித்தபடியே வைத்திருந்தார். பாட்டு முடிந்துவிட்டது. என்ன செய்வதென்று தெரியாத ஆர்கன்காரர் அதையே முதலிலிருந்து மறுபடி வாசிக்கத் தொடங்கினார்.

ஸ்லைகோவைத் தாண்டி நோட்டு வரிசையின் கடைசிக்கு வந்தது. மலாக்கி அதை வாங்கினான். வாங்கிய வேகத்தில் மூடி உதவியாளரிடம் கொடுத்துவிடுவான் என்றுதான் டிம்ப்னா நினைத்தாள். அவனோடு ஒரே விமானத்தில் வந்தவன் அவனுடைய அண்ணன். தொண்ணூற்றெட்டில் குவீன்ஸில் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து செத்தான். அவனுக்கும் பேப்பர் கிடையாது. அந்தப் பெயரை மலாக்கி சொல்லி இந்தக் கோவிலில் யாரும் கேட்டதில்லை.

உதவியாளர் கையை நீட்டிக் காத்திருந்தாள். மலாக்கி கொடுக்கவில்லை. எழுதவும் இல்லை. பேனாவைத் தாளின் மேல் வைத்துக்கொண்டு, குனிந்த தலையோடு நின்றான். பேனா நின்ற இடத்தில் மையின் ஒரு புள்ளி மெல்ல மெல்லப் பெரிதாகிக்கொண்டிருந்தது.