இருவருக்கும் ஒரே சாப்பாடு

காக்ஸ் டவுனில் குடியிருந்த சில்வெஸ்டருக்கு இரத்தக் கொதிப்பு என்று தெரிந்த நாளிலிருந்து வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பேறவில்லை. உடம்பைக் குறைக்காவிட்டால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் கண்டித்திருந்தார். காலையில் ராகிக் கஞ்சி, மத்தியானம் ஒரு கிண்ணம் சோறும் கீரையும், ராத்திரி காய்ந்த ரொட்டி. அதற்குள் அடங்கும்படி அவர் மனைவி கேத்தரின் வாரம் முழுக்கச் சமையலைத் திட்டம் போட்டுவைப்பாள்.

"நீங்க வாயக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்க, எதிர்ல நான் மீன் கொழம்பா திங்கிறது? எனக்கும் அதே சாப்பாடுதான்" என்றாள்.

முதல் வாரம் அவர் ஒழுங்காகத்தான் இருந்தார். அடுத்த வாரம் ஆபீஸ் விட்டு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. சிவாஜிநகரில் பஸ் மாற இறங்கியவர் ஒதுங்க இடம் தேடி ஒரு சாயபு ஹோட்டலுக்குள் நுழைந்தார். கீமா சமோசா பொரிந்துகொண்டிருந்தது. ஒன்றுதானே என்று உட்கார்ந்தவர் நான்கு தின்றார். அன்றிரவு கேத்தரின் வைத்த ரொட்டியைத் தலை நிமிராமல் மென்றார். நாளையிலிருந்து சரியாக இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டார். அந்த உறுதி மறுநாள் சாயங்காலம் பஸ் சிவாஜிநகரில் நிற்கும் வரைதான் இருந்தது. பிறகு மழையில்லாத நாட்களிலும் அங்கே போனார். வாயை அழுந்தத் துடைத்து, ஒரு கிராம்பை மென்றுகொண்டு வீடு திரும்பினார்.

கேத்தரின் இளைத்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது.

"நீயாவது நல்லா சாப்பிடேன், கேத்தி."

"ஒங்களுக்கு மொதல்ல கொறயட்டும்."

உண்மையைச் சொல்லிவிட வாயெடுப்பார். அவள் கையிலிருக்கும் கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்ததும் வார்த்தை உள்ளே போய்விடும்.

கிறிஸ்தவர்கள் நோன்பிருக்கும் தபசு காலத்து ஞாயிறு ஒன்றில், சர்ச்சில் பூசையின் நடுவே முழந்தாளிட்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"ஒடம்புல ரத்தமே இல்லியே. என்னம்மா சாப்பிடுறீங்க?"

சில்வெஸ்டர்தான் பதில் சொன்னார்.

"அது ஒங்களுக்குக் குடுத்த டயட் சார்! இவங்களுக்கு எதுக்கு? எங்க, நீங்க எடை மெஷின் மேல ஏறுங்க."

முள் போன தடவை நின்ற இடத்தையும் தாண்டிப் போய் நின்றது. கட்டிலில் படுத்திருந்த கேத்தரின் முதலில் முள்ளைப் பார்த்தாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

ஜட்கா வண்டியில் வீடு திரும்பும்போது, "எங்க சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள்.

"சிவாஜிநகர்ல."

"தெனமுமா?"



மறுநாள் ஆபீஸ் விட்டு எங்கும் இறங்காமல் நேராக வீட்டுக்கு வந்தார். மேசையில் குவித்த சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் இருந்தன. தபசு காலத்தில் அந்த வீட்டில் கறி சமைத்ததே கிடையாது. கேத்தரின் தன் சோற்றை எடுத்துக்கொண்டு அடுக்களையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன கேத்தி இது? ராத்திரிக்கு ரொட்டிதானே?"

"இனிமே திட்டமெல்லாம் இல்ல. என்ன வேணுமோ சொல்லுங்க, ஆக்கிப் போடுறேன்."

குரலில் கோபம் இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

"நாளைலேருந்து நான்..." என்று ஆரம்பித்தார்.

உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவள் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

குழம்பு ஆறி, மேலே கொழுப்பு கட்டத் தொடங்கியது. சில்வெஸ்டர் சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சோற்றைப் பிசைந்தார்.