மாலுமியின் மன்னிப்பு

1

இந்தக் கதை பல் ஆஸ்பத்திரியில் கிடைத்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நேரம் தவறி வந்த ஆசாமி ஒருவர் வரவேற்பறைப் பெண்ணிடம் கையை விரித்து, "வாசல் என்னை மறந்திருக்கலாம், வாசற்படி மறக்காது!" என்றார். அவள் சிரித்துவிட்டு அவரை எனக்கு முன்னால் உள்ளே அனுப்பிவிட்டாள்.

பழைய நாடகமொன்றின் வசனம் அது. மனைவியை விட்டுக் கப்பலேறிப் போன மாலுமி பல வருடம் கழித்து வாசலில் நின்று சொல்வது. எழுதியவர் போய்ச் சேர்ந்து தலைமுறைகள் ஆகிவிட்டன. நாடகத்தைப் பார்க்காதவர்களுக்கும் வசனம் மனப்பாடம். கட்சி மாறிப் போனவர் திரும்பி வந்தாலும் இதுதான், லீவு முடிந்து ஆபீசுக்கு வந்தாலும் இதுதான். டைல்ஸ் விளம்பரத்தில்கூட வந்தாகிவிட்டது.

(தேடிப் பார்க்க வேண்டாம். நாடகம் நான் கட்டியது. பல்வலி மட்டும் நிஜம்.)

2

முதல் தொடக்கம்: "மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில் அவள்

வேண்டாம். எல்லோர் கதையிலும் மழை பெய்து ஓய்ந்துவிட்டது.

இன்னொன்று: அவள் நாடகக் குழுவில் வசனம் எடுத்துக் கொடுப்பவள். திரை ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நடிகர் தடுமாறினால் அடுத்த வார்த்தையைக் கிசுகிசுப்பது வேலை. மாலுமி நாடகம் அவளுக்குத் தலைகீழாகப் பாடம். [இது நிற்கட்டும்.]

இப்போது அக்காவின் மூன்றாவது மாடி வீட்டில் இருக்கிறாள். அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது கணவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "வேலை" என்றான். அம்மா பிழைத்துக்கொண்டாள், இவளுக்குத்தான் மனசு ஆறவில்லை. இன்று அழைத்துப்போக வருகிறான். போவதா வேண்டாமா என்பதை அவன் வாயைத் திறந்த பிறகுதான் முடிவு செய்வாள்.

(அவன் கெட்டவனா? முதல் பிரதியில் முறுக்கு மீசை வைத்துப் பார்த்தேன், எடுபடவில்லை. லிஃப்ட் மெக்கானிக். அக்கா வீட்டு லிஃப்ட் ஓடாததால் மூச்சிரைக்கப் படியேறி வருகிறான். இவனை எப்படி வெறுப்பது?)

3

கதவைத் திறந்தாள்.

"சாப்பிட்டியா?"

"ம்."

"அத்தை எப்படி இருக்காங்க?"

"இப்பதான் கேக்கத் தோணுச்சா?"

அவன் முகம் செத்துப்போயிற்று. பாவம், கைக்கு அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டான். "வாசல் என்னை மறந்திருக்கலாம், வாசற்படி மறக்காது. என் கால் தேய்ச்ச... தேய்ச்ச..."

"பள்ளம்," என்றாள் உதடு அசையாமல். தொழில் பழக்கம்.

"பள்ளம் அதில் இன்னும் இருக்கிறது. நான் செய்த பிழை கடலளவு..."

"ஆனாலும்."

"ஆனாலும் நான் உன் கரை தேடி வந்த..."

"அலை."

"அலை!"*

"எனக்கே கண்ணு கலங்கிடுச்சு தம்பி!" என்றாள் உள்ளேயிருந்து அக்கா.

அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. மன்னிப்புக் கேட்க வந்தவனுக்கு மன்னிப்பையும் தானே எடுத்துக் கொடுத்தாகிவிட்டது. போதாக்குறைக்கு அந்த வசனம் அவளையும் அசைத்துவிட்டது. எத்தனை தடவை கேட்டாலும் அசைக்கும். அந்த மனிதர் அப்படி எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

* நாடகத்தில் இங்கே இடி இடிக்கும். அக்கா வீட்டில் மிக்ஸி.

4

முடிவு அ: நாடகத்தில் வருவதுபோல் விளக்கேற்றி அவனை உள்ளே அழைக்கிறாள். (டியூப்லைட் ஏற்கெனவே எரிகிறது.)

முடிவு ஆ: கதவை ஓங்கிச் சாத்து

இதையும் யாரோ எழுதியாகிவிட்டது.

5

சரி, அவளே பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

"அதெல்லாம் அந்த மாலுமி செஞ்ச தப்புங்க. நீங்க செஞ்சது என்ன? அதைச் சொல்லுங்க."

அடுத்த வார்த்தைக்காக அவன் அவள் உதட்டைப் பார்த்தான். இதற்கு நாடகத்தில் வசனம் கிடையாது.

ஆபரேஷன் அன்றைக்கு அவன் ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் வந்தான். உள்ளே போக பயந்துபோய்த் திரும்பிவிட்டான். எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. இதைச் சொன்னால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள் என்றுதான் நினைக்கிறேன். சொல்ல வெட்கப்படுகிறான்.

இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டது. அவன் உங்களைத்தான் பார்க்கிறான். தயவுசெய்து எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.