படகைக் காலி செய்த ஆறு நாள்

பன்னிரண்டு பேர் நெருக்கி உட்காரும் அந்தப் படகிலிருந்து வெள்ளிக்கிழமை ஒருநாள் மட்டும் இறக்கியவை: இரண்டு கதவு, ஓர் இரும்புக் கட்டில், பக்கத்து வீட்டுக்காரரின் ஏணி, முப்பத்தொன்பது குடை, ஒரு பீரோ. பீரோவைத் திறந்தால் உள்ளே இன்னோர் ஏணி இருந்தது. இவ்வளவையும் இறக்கிய பிறகும் படகு தண்ணீரில் ஒரு விரல் அளவுகூட மேலே எழவில்லை.

படகு மனைவியுடையது. ஆற்றில் அக்கரைக்கும் இக்கரைக்கும் அவள் அதை ஓட்டித்தான் குடும்பம் நடந்தது. கணவர் தையற்காரர், ‘அப்புறம்’ என்று சொன்னால்தான் ஊரில் அவரைத் தெரியும். எதைச் சொன்னாலும் “அப்புறம் பாத்துக்கலாம்” என்பார். வீடு ஒற்றை அறை என்பதால் “இப்போதைக்குப் படகுல போட்டு வை” என்றும் சேர்த்துக்கொள்வார். ஆரம்பத்தில் யாராவது தூக்கிக்கொண்டுபோய்ப் போட வேண்டியிருந்தது. சில வருடங்களில் படகுக்கே பழகிவிட்டது. அவர் வாயைத் திறந்ததும் சம்பந்தப்பட்டது தானாகப் போய்ப் பலகைக்கு அடியில் சேர்ந்துகொள்ளும். இதில் யாரும் அதிசயப்படவில்லை. அந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு மாரடிக்கும் பெண்ணுக்குப் படகாவது ஒத்தாசையாக இருக்கிறதே என்றார்கள்.

ஆனால் இப்போது அடிப்பலகை இற்றுப்போய்விட்டது. ஒரு நடைக்கு எட்டு வாளி தண்ணீர் இறைத்துக்கொண்டே ஓட்டினாள். பழுது பார்க்கும் பட்டறையில் வியாழக்கிழமை காலை கிரேன் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதை விட்டால் மழைக்காலம் முடிந்துதான். அதுவரை படகு தாங்காது, படகு போனால் அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது. பட்டறை மேஸ்திரியோ காலிப் படகைத்தான் தூக்குவார். எந்நேரமும் மரச்சுத்தியலோடு அலைந்ததால் அவருக்குக் கொட்டாப்புளி என்றே பெயர். முன்னிருந்து பின்வரை தட்டிக்கொண்டே போவார். ஓர் இடத்தில் ‘தொம்’மென்று கேட்டாலும் போச்சு, கடவுளே வந்து கெஞ்சினாலும் கிரேன் அசையாது.

சனிக்கிழமை, தைக்காமல் விட்ட நூற்றுப் பன்னிரண்டு சட்டைத் துணிகள் வந்தன. உரியவர்களில் நாலு பேர் எப்போதோ செத்துப்போயிருந்தார்கள். ஆனாலும் சட்டை ரெடியா என்று கேட்க நேரில் வந்தார்கள். தையற்காரருக்கு வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்தது. மனைவி முறைத்த முறைப்பில் அதை விழுங்கிவிட்டு, துணியைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டார். செத்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். ஞாயிறன்று, பிடுங்காமல் தள்ளிப்போட்ட கடைவாய்ப் பல்லின் வலி வெளியே வந்தது. யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வாசலில் உட்கார்ந்திருந்த மைத்துனரைப் பிடித்துக்கொண்டது. திங்கட்கிழமை ஒரு பிஸ்கட் டப்பா. மூடியைத் திறந்த அடுத்த நிமிஷம் பக்கத்து வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்து, பதினோரு வருடமாகப் போடாமல் வைத்திருந்த ஏணிச் சண்டையைப் போட்டுத் தீர்த்தார். தீர்ந்ததும் இரண்டு ஏணியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். செவ்வாயன்று வந்தவை, போகாமல் விட்ட மூன்று கல்யாணங்கள், பந்தியோடு. சுமை தூக்க வந்த ஆட்கள் கை கழுவிவிட்டு உட்கார்ந்தார்கள். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குத் தலை முழுக்க வழுக்கை விழுந்திருந்தது. “இப்பவாவது வந்தீங்களே” என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

புதன்கிழமை படகைக் கழுவித் துடைத்தார்கள். ஊசிகூட மிச்சமில்லை. அப்படியும் அது விளிம்பு வரை அமுங்கியே நின்றது. கயிறு கட்டிப் பட்டறைக்கு இழுத்துப் போனார்கள்.

வியாழன் காலை கொட்டாப்புளி தட்டிக்கொண்டே வந்தார். சுக்கான் பக்கத்துப் பலகையில் ‘தொம்’ என்றது. “உள்ள ஏதோ இருக்கும்மா. கிரேன வேற ஆளுக்குக் குடுத்துடட்டுமா?” என்றார். அவள் பலகையைப் பிய்த்து எறிந்தாள். அடியில் பொருள் எதுவும் இல்லை, ஒரு கேள்வி மட்டும் கிடந்தது. அவளுடைய சொந்தக் குரல்தான், ஆனால் இருபத்து மூன்று வயதுக் குரல். பட்டறை முழுக்கக் கேட்டது: “நீங்க மொதல்ல எங்க அக்காவைத்தானே பொண்ணு கேட்டீங்க?”

வெல்டிங் போட்டுக்கொண்டிருந்தவன்கூட நிறுத்திவிட்டான். அவளுக்கு முகம் சிவந்து, கண் நிறைந்துவிட்டது. கல்யாணமான புதிதில் கேட்டது. அவர் என்ன சொல்லியிருப்பார் என்பதைத் தனியாக எழுத வேண்டியதில்லை.

“ஆமா,” என்றார் தையற்காரர். “அவங்க முடியாதுன்னுட்டாங்க.”

கொட்டாப்புளி தட்டிப் பார்த்தார். ‘தொம்’. “பாதிதான் வந்திருக்கு, சார்.”

தையற்காரருக்கு வேர்த்துக் கொட்டியது. “உங்க வீட்டுல கேட்டுட்டுத் திரும்பி வரப்போ நீதான் படகு ஓட்டினே. சிடுசிடுன்னு இருந்தே. காலை நீட்டாதீங்கன்னு திட்டினே. மறுநாளும் வந்தேன். நாலு மாசம் தெனமும் வந்தேன். அந்தக் கரையில எனக்கு ஒரு வேலையும் கிடையாது. போதுமா?”

“இத சொல்றதுக்கு இத்தன வருஷமா? நான் பாட்டுக்கு அவளோட மிச்சந்தான் நான்னு நெனச்சுக்கிட்டே குடும்பம் நடத்தியிருக்கேனே, பாவி மனுஷா!” என்று கத்தினாள். கத்திக்கொண்டிருக்கும்போதே படகு தண்ணீரை விட்டு எழுந்தது. “கத்துறது இருக்கட்டும்மா, கயித்தப் பிடிங்க!” என்றார் கொட்டாப்புளி.

கிரேன் தேவைப்படவில்லை, அதன் டிரைவர் டீ குடிக்கப் போனார். படகை நெஞ்சு உயரத்தில் கட்டி நிறுத்தி, பழைய பலகையைக் கழற்றிப் புதிது போட்டு, மூன்றே வாரத்தில் பெயிண்டும் அடித்தார்கள். கீழே படுத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டியிராததால் ஆட்களுக்கு முதுகுவலி மிச்சம்.

இப்போது அது தண்ணீருக்கு ஒரு சாண் மேலே ஓடுகிறது. ஏறுவதற்கு ஒரு முக்காலி போட்டிருக்கிறார்கள். இறைக்கத் தண்ணீர் இல்லாததால் அவளுக்கு ஒரு கை சும்மாதான் இருக்கிறது. தினமும் முதல் நடையில் தையற்காரர் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொள்கிறார். இந்த வயதில், இத்தனை பேர் பார்க்க, இதெல்லாம் தேவையா என்று இரண்டு கரையிலும் பேச்சு. படகு பறப்பதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்வதில்லை.