டக்அவுட்டில் கட்டிக்கொண்டார்கள்

ஜூலை முப்பத்தொன்றாம் தேதி எங்கள் ஊர் பேஸ்பால் மைதானத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பந்தைப் பார்ப்பதில்லை. ஆட்டக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் டக்அவுட்டைத்தான் பார்ப்பார்கள். அன்று மாலை ஆறு மணியோடு அணிகள் ஆள் மாற்றிக்கொள்வதற்கான கெடு முடிகிறது. நன்றாக ஆடிக்கொண்டிருக்கும் ஒருவனை நடு ஆட்டத்தில் வெளியே கூப்பிட்டு, மற்றவர்கள் வரிசையில் வந்து அவனைக் கட்டிக்கொண்டால், அவன் இனி நம் ஊர்க்காரன் இல்லை. வேறு அணிக்குத் தள்ளிவிட்டிருப்பார்கள், இல்லையென்றால் மேலே பெரிய அணிக்குக் கூப்பிட்டிருப்பார்கள். முறைப்படி செய்தி வர ஒரு மணி நேரமாவது ஆகும், கட்டிக்கொள்வது அதற்கு முன்பே கண்ணில் பட்டுவிடும்.

நான் வெர்னா ஸ்டுகெல். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறேன். கோடை முழுக்க விடுமுறை என்பதால் பெல்ஃபோர்ட் ஹெரான்ஸ் ஆடும் ஒரு ஆட்டத்தையும் விடுவதில்லை. ஹெரான்ஸ் என்பது பெரிய அணிக்கு ஆள் தயார் செய்து அனுப்பும் சின்ன அணி. இங்கே ஆடுகிறவர்களில் பத்தில் ஒருவன் மேலே போனால் பெரிய விஷயம். அந்த ஒருவன் யார் என்று கண்டுபிடிப்பதுதான் என் பைத்தியம். ஒவ்வொரு ஏப்ரலிலும், பெரிய அணியின் எல்லாச் சின்ன அணிகளிலிருந்தும் மேலே போகக்கூடிய முப்பது பேரின் பட்டியல் ஒன்றை இணையத்தில் போடுவேன், சொந்தப் பெயரில் அல்ல, 'மூன்றாவது வரிசை' என்ற பெயரில். நான் உட்காரும் இடம் அது, சுற்றி உட்காருகிற சிலருக்கு மட்டும் எழுதுவது நான் என்று தெரியும். நாலாயிரம் பேர் அதைப் படிக்கிறார்கள். நான் திட்டுவதைப் படிக்கத்தான் பாதிப் பேர் வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

கேலப் வோகல் எங்கள் ஷார்ட்ஸ்டாப், இரண்டாவது தளத்துக்கும் மூன்றாவது தளத்துக்கும் நடுவே நின்று பந்தை மறிப்பவன். வயது இருபத்தாறு. ஏழு வருடத்துக்கு முன், அணிகள் முறை வைத்துப் புது ஆட்களை எடுக்கும் டிராஃப்ட்டில், பத்தொன்பதாவது சுற்றில், எல்லோரும் சாப்பிடக் கிளம்பிய நேரத்தில், போனால் போகிறது என்று எடுக்கப்பட்ட பையன். மூன்று கோடைகளாக என் வீட்டுக் கீழ்த்தளத்து அறையில்தான் தங்கியிருந்தான். ஊரில் பல குடும்பங்கள் இப்படி ஆட்டக்காரர்களை வைத்துக்கொள்வது வழக்கம். கேலப்புக்குப் பந்தைத் தூக்கி அடிக்கும் பலம் கிடையாது. ஆனால் பந்து மட்டையில் பட்ட சத்தத்துக்கே இடது பக்கம் ஒரு எட்டு வைத்திருப்பான். அந்த முதல் எட்டைப் பயிற்சியில் யாரும் சொல்லித்தர முடியாது. அதனால் அவனை இருபத்திரண்டாவது இடத்தில் வைத்தேன், அடுத்த வருடம் இருபத்தைந்தில் வைத்தேன்.

இந்த ஏப்ரலில் எடுத்துவிட்டேன். அவன் ஆட்டம் குறைந்ததால் அல்ல. எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரும் டட்லி என்ற கிழவர், "உன் வீட்டு கேசரோல் தின்னுறவன் எல்லாம் லிஸ்ட்ல வந்துடுறான் போல" என்று பத்துப் பேர் முன்னால் சிரித்தார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பாரபட்சம் என்ற பேச்சுக்கே இடம் வைக்கக் கூடாது என்று, இருபத்தேழாவது இடத்தில் எழுதி வைத்திருந்த அவன் பெயரை அழித்துவிட்டு, கையை முறுக்கிப் பந்து வீசத் தெரிந்த ஒரு சோம்பேறியின் பெயரைப் போட்டேன். அன்று இரவும் கேலப் என் மேஜையில்தான் சாப்பிட்டான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த முப்பத்தொன்றாம் தேதி பகல் ஆட்டம். கேலப்பின் அம்மா ஆர்லீன் வடக்கு டகோட்டாவிலிருந்து ஒன்றரை நாள் காரோட்டி வந்திருந்தாள். என் இடது பக்கம் அவள், வலது பக்கம் டட்லி. முந்தின நாள் பெரிய அணியின் ஷார்ட்ஸ்டாப் கணுக்காலை முறித்துக்கொண்டிருந்தான். அதனால் மைதானமே முறுக்கேறிக் கிடந்தது.

"அவனைக் கூப்பிடுவாங்களா வெர்னா? எனக்கு ஒண்ணும் புரியல, நீங்கதான் சொல்லணும்" என்றாள் ஆர்லீன். கையில் வாங்கிய ஹாட்டாக் அப்படியே ஆறிக்கொண்டிருந்தது.

"கூப்பிடலாம். அவனை விட்டா தயாரா இருக்கிறவன் இன்னும் ஒருத்தன்தான்."

"யாரோ ஒரு மூதேவி இன்டர்நெட்ல லிஸ்ட் போடுதாம். போன வருஷம் இருந்தான், இந்த வருஷம் என் பையன் பேரே இல்ல. எங்க ஊர் சர்ச்சுல ஒருத்தர் விடாம கேட்டாங்க, என்னாச்சு என்னாச்சுன்னு. அந்த ஆள் என் கையில கிடைக்கணும்."

டட்லி மட்டும் என்னைப் பார்த்து இருமினார். நான் வேர்க்கடலையை உரித்துக்கொண்டே இருந்தேன்.

ஐந்தாவது இன்னிங்ஸ் முடிந்து நம் ஆட்கள் உள்ளே ஓடி வந்தார்கள். அடுத்த இன்னிங்ஸுக்குக் கேலப் வெளியே வரவில்லை. அவன் இடத்துக்கு வேறொருவன் ஓடினான். நான் எழுந்து நின்றேன். டக்அவுட்டின் ஓரத்தில் மேனேஜர் கேலப்பின் தோளில் கை வைத்திருந்தார். பிறகு மட்டைக்காரனுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிக்கும் ஆட்டக்காரன் வந்து அவனைக் கட்டிக்கொண்டான். அடுத்து இன்னொருவன். அதற்கடுத்து நாலு பேர்.

"கட்டிப்பிடிக்கிறாங்க! ஆர்லீன், கட்டிப்பிடிக்கிறாங்க பாரு!" என்று கத்தினேன். "போறான்! உன் பையன் மேலே போறான்!"

ஆர்லீன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். என் குரல் மூன்று வரிசைக்குக் கேட்டிருக்கும், மூன்று வரிசை முப்பதுக்குச் சொல்லியிருக்கும். நிமிடத்தில் மொத்த மைதானமும் எழுந்து கை தட்டியது. கேலப் தொப்பியைக் கழற்றித் தூக்கிக் காட்டினான். அவன் கண் கலங்கியிருந்தது. நான் கைபேசியை எடுத்து 'மூன்றாவது வரிசை'யில் எழுதினேன்: வோகல் போகிறான். என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. நான் அழித்ததால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, அவர்கள் என் பட்டியலைப் பார்த்தா ஆள் எடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆர்லீன் வீட்டுக்காரருக்கு போன் போட்டாள். "ராய்! வேலையை அப்படியே போட்டுட்டுக் கெளம்பு. ஆமாங்கறேன்! வெர்னாவே சொல்றாங்க, அவங்களுக்குத் தெரியாததா!"

டட்லி மட்டும் உட்கார்ந்தே இருந்தார். "ஏம்மா வெர்னா" என்றார் மெதுவாக. "மேனேஜர் சிரிக்கவே இல்லியே."

"வயித்தெரிச்சல் பிடிச்ச மனுஷன் நீர்."

"இருக்கலாம். ஆனா அவன் கையுறையை என்ன பண்ணான்னு பார்த்தியா?"

பார்த்தேன். கேலப் தன் பந்து பிடிக்கும் கையுறையை, ஏழு வருடமாக யாரையும் தொடவிடாத அந்தக் கையுறையை, புதிதாக வந்த பத்தொன்பது வயசுப் பையன் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனான். மேலே போகிறவன் கையுறையைக் கொடுக்க மாட்டான். வேறு அணிக்குப் போகிறவனும் கொடுக்க மாட்டான். பக்கத்தில் ஆர்லீன் தங்கைக்கு போன் போட்டுக்கொண்டிருந்தாள்.

நான் அவளை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. ஆட்டம் முடியும் வரை நாலு இன்னிங்ஸ் அப்படியே உட்கார்ந்திருந்தேன். யார் ஜெயித்தார்கள் என்று இன்று கேட்டாலும் எனக்குத் தெரியாது.

மூன்றரை மணிக்கு ஆட்டக்காரர்கள் வெளியே வரும் இரும்புக் கதவருகே நின்றோம். கேலப் பையைத் தூக்கிக்கொண்டு, ஈரத் தலையோடு வந்தான். ஆர்லீன் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள்.

"அப்பா கெளம்பிட்டாருடா! எப்போ போகணும்? ராத்திரியேவா?"

கேலப் அவள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தான். "யாரும்மா சொன்னது உங்ககிட்ட?"

"வெர்னாதான். கட்டிப்பிடிச்சாங்கல்ல?"

அவன் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "அம்மா, நான் மேலே போகலம்மா. நிறுத்திக்கறேன். காலைல மேனேஜர்கிட்ட எழுதிக் குடுத்துட்டேன். நீங்க பார்க்கற மாதிரி கடைசியா ஒரு ஆட்டம் ஆடிட்டு, சாப்பிடும்போது சொல்லலாம்னு இருந்தேன்."

ஆர்லீனுக்குப் புரிய நேரம் பிடித்தது. பிறகு கேட்டாள், "கணுக்கால் ஒடிஞ்சு ஒரு இடம் காலியா இருக்கிறப்பவா?"

"அந்த இடம் எனக்கு இல்லம்மா. அது எனக்குத் தெரியும்."

"யாருடா சொன்னா உனக்கு?"

கேலப் தரையைப் பார்த்தான். "என்னை நல்லாத் தெரிஞ்சவங்க சொன்னாங்க. கோச்சுங்க பொய் சொல்லுவாங்க, ஏஜென்ட் பொய் சொல்லுவான். ஒருத்தர் மூணு வருஷமா ஒரு ஆட்டம் விடாம பார்த்து, என் முழங்கால் என்னிக்கு வலிக்குதுன்னு நடையிலயே கண்டுபிடிச்சு, ஏப்ரல்ல என் பேரை எடுத்துட்டாங்க. சரி, அவங்களே எடுத்துட்டாங்கன்னா முடிஞ்சதுன்னு அர்த்தம். மூணு மாசம் யோசிச்சேன். எனக்குக் கோபம் எல்லாம் இல்ல வெர்னாம்மா. நல்லது பண்ணீங்க."

அவனுக்குத் தெரிந்திருந்தது. சமையலறை மேஜையில் கணினியைத் திறந்து வைத்து அதோடு சண்டை போடுகிறவள் நான், கீழ்த்தளத்தில் இருக்கிறவனுக்கு எப்படித் தெரியாமல் போகும்? ஆர்லீன் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நான் பொசுங்கிப் போனேன்.

"அந்தக் கடிதாசி போயிடுச்சா?" என்று கேட்டேன்.

"ஆறு மணிக்கு மத்த பேப்பரோட சேர்த்து அனுப்பறேன்னார் மேனேஜர். அதுவரைக்கும் யோசிச்சுக்கோன்னார். யோசிக்க என்ன இருக்கு?"

மணி மூன்று ஐம்பது. வாயை மூடிக்கொண்டிருந்தால் அவன் என்னை மதித்துக்கொண்டே ஊருக்குப் போவான். அப்பாவோடு கோதுமைக் கிடங்கில் வேலை பார்ப்பான், கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்புவான். அந்த ஆசை எனக்கு இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

"டேய், அது பொய்டா" என்றேன். "உன் ஆட்டத்தைப் பார்த்து எடுக்கல. என் வீட்ல இருக்கறவனுக்கு எடம் குடுக்கறேன்னு டட்லி கேலி பண்ணார். எனக்கு மானம் போச்சு. அதுக்காக எடுத்தேன். நீ ஒரு குறையும் வைக்கல."

கேலப் அசையவில்லை. "டட்லி கேலி பண்ணாருன்னு."

"ஆமா."

"ஏழு வருஷம் வெர்னாம்மா."

"தெரியும்டா."

அவன் முகத்தில் முதல் தடவையாகக் கோபம் வந்தது. அதைப் பார்த்து எனக்கு ஒரு பக்கம் பயமாகவும், ஒரு பக்கம் நிம்மதியாகவும் இருந்தது. காலையிலிருந்து அவன் முகத்தில் இருந்த அமைதியைவிட அது தேவலை.

"எத்தனாவது?" என்று கேட்டான். "கேலி பண்ணலன்னா என்னை எத்தனாவது இடத்துல வச்சிருப்பீங்க? உண்மையைச் சொல்லுங்க."

பத்து என்று சொல்ல நாக்கு துடித்தது. பத்து என்றால் ஆர்லீன் முகம் மலரும், பையன் ஓடிப்போய்க் கடிதத்தைக் கிழிப்பான். ஆனால் பத்தாவது இடத்தில் இருக்கிறவனுக்குப் பந்தைத் தூக்கி அடிக்க வரும், கேலப்புக்கு வராது.

"இருபத்தேழு" என்றேன்.

அதற்குள் சுற்றியிருந்தவர்களின் கைபேசிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தன. பெரிய அணி வேறொரு அணியிலிருந்து பெயர் பெற்ற ஷார்ட்ஸ்டாப் ஒருவனை வாங்கிவிட்டது. அந்தக் காலி இடம் யாருக்கும் இல்லை என்று ஆகிவிட்டது. கேலப்பும் அதைப் படித்தான்.

"மேலே ஒண்ணும் இல்லைன்னு ஆகிப்போச்சு" என்றான் கைபேசியைப் பார்த்தபடி. "இருந்தா பெல்ஃபோர்ட்தான். இருபத்தேழாவது ஆளா."

பையை அம்மாவின் காலடியில் வைத்துவிட்டு அவன் திரும்ப அந்த இரும்புக் கதவுக்குள் போனான். ஆர்லீனும் நானும் நின்றோம். ஒரு மணி நேரம் இருக்கும். அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ராய்க்கு போன் செய்து, வர வேண்டாம், அப்புறம் சொல்கிறேன் என்றாள். தங்கைக்குச் செய்தாள். ஒவ்வொருவரிடமும் அதையே திரும்பச் சொன்னாள், ஒவ்வொரு தடவையும் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. நான் 'மூன்றாவது வரிசை'யைத் திறந்து, வோகல் போகவில்லை, தவறு என்னுடையது, ஏப்ரலிலும் என்னுடையதுதான் என்று எழுதினேன். உடனே திட்டுகள் வரத் தொடங்கின. படிக்கவில்லை.

ஐந்து மணிக்கு மேல் கேலப் வந்தான். கையுறையைத் திரும்ப வாங்கி வந்திருந்தான். அந்தப் பத்தொன்பது வயசுப் பையனிடம் கேட்டு வாங்குவதற்கு எவ்வளவு கூச்சப்பட்டிருப்பான் என்று எனக்குத் தெரியும்.

"கிழிச்சுட்டேன்" என்றான் அம்மாவிடம். "செப்டம்பர் வரைக்கும் ஆடறேன். உள்ள எல்லாரும் சிரிச்சாங்க. நாளைக்கும் கட்டிப்பிடிக்கணுமான்னு கேக்கறாங்க."

பிறகு பாக்கெட்டிலிருந்து சாவி ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினான். என் வீட்டுச் சாவி.

"பசங்க கூட மோட்டல்ல தங்கிக்கறேன் வெர்னாம்மா. துணியெல்லாம் அம்மா காலைல வந்து எடுத்துக்குவாங்க. ஆட்டத்துக்கு வாங்க."

வாங்கிக்கொண்டேன். இருந்துவிடு என்று கேட்கும் தகுதி எனக்கு இருக்கவில்லை. அவன் காரை எடுத்துவரப் போனான். ஆர்லீன் அவன் பையைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு நடந்தவள், நின்று திரும்பினாள். ஒன்றரை மணி நேரத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"இருபத்தேழுதானா என் பையன்?"

"ஆமா ஆர்லீன்" என்றேன். "இருபத்தேழுதான்."