ரிஷியின் கையில் சாவி

எதிர்வீட்டு லியனார்ட் மேல் எனக்கு முதல் வாரமே சந்தேகம் விழுந்துவிட்டது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியின் பதினோராவது மாடியில், எங்கள் வாசலுக்கு நேர் எதிரே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். மடியில் பேப்பர் இருக்கும், பக்கம் மட்டும் புரளாது. நான் பிள்ளைகளைக் கீழே விளையாடக் கூட்டிப் போனால் ஐந்து நிமிடத்தில் அவரும் அங்கே நிற்பார். "ரிஷி சாப்ட்டானா? மத்தியானம் எத்தன மணிக்குத் தூங்குவான்?" என்று விசாரிப்பார். அடுத்த வீட்டுப் பிள்ளை தூங்கும் நேரம் இந்த மனுஷனுக்கு எதற்கு?

நான் அமுதவள்ளி. அறந்தாங்கிப் பக்கம். மூன்று மாதத்துக்கு முன்னால் உஷாராணியின் இரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள விமானம் ஏறி வந்தவள். மூத்தவள் நிலானிக்கு ஐந்து வயது, ரிஷிக்கு இரண்டரை. அப்பா முகுந்தன் நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் இடத்தில் வேலை, மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். உஷாவுக்கு தெலுக் பங்லிமா காராங் என்ற தூரத்து ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. விடியுமுன் கிளம்பினால் இருட்டித்தான் திரும்புவார்.

கிளம்பும்போது தினமும் ஒரே பாட்டு. "அக்கா, கிரில்ல உள்பக்கம் பூட்டிக்குங்க. அந்த அங்கிள்கிட்ட ரொம்பப் பேச்சு வச்சுக்காதீங்க லா." பல வருஷம் எதிரெதிரே குடியிருப்பவரே இப்படிச் சொன்னால் நான் என்ன நினைப்பேன்? அந்த ஆளிடம் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டிவிட்டேன்.

அந்த வியாழக்கிழமை ரிஷிக்குக் காலையிலிருந்தே உடம்பு சுட்டது. மருந்து கொடுத்துக் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கவைத்தேன். மரக்கதவைக் காற்றுக்காகத் திறந்துவிட்டு, கம்பிக்கதவை மட்டும் பூட்டியிருந்தேன். அடுக்களையில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தபோது நிலானி கத்தினாள்.

"ஆன்டி! தம்பி என்னமோ செய்றான்!"

ஓடி வந்து பார்த்தால் பிள்ளைக்குக் கண் மேலே செருகிவிட்டது. பல் கிட்டித்து, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன.

எங்கள் பக்கம் வலிப்பு வந்தால் யாரும் யோசிப்பதில்லை, கையில் இரும்பைக் கொடுப்போம். என் இடுப்பில் சாவிக்கொத்து இருந்தது. அதை ரிஷியின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி, மேலே என் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மறுகையால் உஷாவுக்கு அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் மறுபடியும் அழைத்தேன், எடுக்கவே இல்லை.

"என்னம்மா ஆச்சு? ஃபிட்ஸா?"

கம்பிக்கு வெளியே லியனார்ட் நின்றார்.

"ஒண்ணுமில்ல, சரியாயிரும். நீங்க போங்க."

"போறதா? பையன ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வாயில ஒண்ணும் வைக்காதீங்க. கதவத் தொறங்கம்மா, என் காடி கீழதான் இருக்கு. அஞ்சு நிமிஷத்துல ஆஸ்பத்திரி போயிறலாம்."

ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். கதவைத் திறக்கவில்லை. இத்தனை நாள் நாற்காலி போட்டுக் காத்திருந்தது இதற்குத்தானா? பிள்ளையைக் காரில் போட்டுக்கொண்டு எங்கே போவார்? எனக்கு இந்த ஊரில் வழியும் தெரியாது, பாஷையும் தெரியாது. பிள்ளையைத் தொலைத்துவிட்டு நிற்கும் வெளிநாட்டுக்காரியின் பேச்சை எந்தப் போலீஸ் கேட்கும்?

"சாவி எங்க?" என்று கத்தினார்.

"அவன் கையில. வலிப்பு நிக்கிற வரைக்கும் இரும்ப எடுக்கக் கூடாது."

"ஐயோ கடவுளே! இரும்பு ஒண்ணும் செய்யாது லா. எங்க வீட்லயும் கொடுத்தவங்கதான், நிக்கிற நேரத்துக்கு அதுவா நிக்கும். ஆம்புலன்ஸ் ஜாம்ல மாட்டிக்கும்மா. தொறங்க!" கம்பியைப் பிடித்து உலுக்கினார். நிலானி காதைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ரிஷியின் உதடு நீலம் பாரித்தது. அதைப் பார்த்ததும் சந்தேகமாவது ஒன்றாவது என்றாகிவிட்டது. அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். இறுகிக் கிடந்தன. சாவியை உருவிக்கொண்டு ஓடிப்போய்த் திறந்தேன்.

லிப்ட்டில் இறங்கும்போதே வலிப்பு நின்றது. பிள்ளை துவண்டு என் தோளில் கிடந்தான், மூச்சு வந்தது. ஆனாலும் எனக்கு அந்த ஆள்மேல் நம்பிக்கை வந்துவிடவில்லை. பின்சீட்டில் இரண்டு பிள்ளைகளையும் அணைத்துக்கொண்டு, ஒரு கையைக் கதவுப் பிடியிலேயே வைத்திருந்தேன். சிவப்பு விளக்கில் அவர் போனை எடுத்தார்.

"உஷா, அங்கிள் பேசறேன்."

என் அழைப்பு ஒன்றைக்கூட எடுக்காதவர், அவர் அழைப்பை முதல் மணியிலேயே எடுத்திருந்தார். எனக்குச் சுருக்கென்றது.

மருத்துவமனையில் டாக்டரம்மா தமிழில்தான் கேட்டார், எத்தனை நிமிடம் இழுத்தது என்று. நான் மணி பார்க்கவே இல்லை. லியனார்ட் போனைத் தூரப் பிடித்துத் தேடினார். "பாப்பா கத்தினதும் அவங்க அம்மாவுக்கு மெசேஜ் போட்டேன். ரெண்டு பத்து. லிப்ட்ல நின்னப்போ ரெண்டு பதினாறு."

பக்கத்தில் நின்ற நான் எட்டிப் பார்த்தேன். மேலே உஷாவின் படம். கீழே வரிசையாக நான். ஊஞ்சல் பக்கத்தில் நான், கடை வாசலில் நான், போனில் பேசிச் சிரிக்கும் நான். அவர் மூன்று மாதமாகக் கண் வைத்திருந்தது பிள்ளைகள்மேல் இல்லை.

காய்ச்சலால் வந்த வலிப்புதான், பயமில்லை, ஒரு ராத்திரி இங்கே இருக்கட்டும் என்றார் டாக்டரம்மா. "ஆனா இவ்ளோ நேரம் வீட்ல வச்சிருக்கக் கூடாது" என்றும் சொன்னார்.

உஷா தொழிற்சாலைச் சீருடையோடு ஓடி வந்தார். பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுது முடிக்கும்வரை பொறுத்திருந்தேன். பிறகு கேட்டேன்.

"பிள்ளைகள என்கிட்ட விட்டுட்டுப் போனீங்களா மேடம், இல்ல என்னை இவர்கிட்ட விட்டுட்டுப் போனீங்களா?"

உஷா லியனார்டைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார்.

"முன்னாடி இருந்தவங்க நிலானிய அடிச்சாங்கக்கா. ரெண்டு மாசம் எனக்குத் தெரியவே தெரியாது. அதான் அங்கிள உங்களப் பாக்கச் சொன்னேன். அது உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் அவர்கிட்ட பேச வேணாம்னேன்..." என்றவர் ரிஷியின் கையைத் தற்செயலாகத் திருப்பினார். உள்ளங்கையில் சாவியின் பல் வரிசை சிவப்பாகப் பதிந்திருந்தது. "இது என்ன?" குரல் மாறிவிட்டது.

லியனார்ட் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. சொல்லாமல் விட்டிருந்தால் தப்பியிருப்பேன். ஆனால் எனக்கு எதையும் மறைக்கத் தெரியாது.

"சாவி. நான்தான் வச்சு அமுக்கினேன். இவர் கத்தக் கத்த நாலு நிமிஷம் கதவத் தொறக்கல. இவரை நம்பாதேன்னு நீங்கதானே தினமும் சொன்னீங்க?"

"நாலு நிமிஷமா?" உஷா பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வேலை போய்விட்டது என்று நினைத்தேன்.

அப்போதுதான் லியனார்ட் பேசினார்.

"என்கிட்ட ஸ்பேர் சாவி இருந்திருந்தா நாலு நிமிஷம் ஆயிருக்காது உஷா. முதல் நாளே கேட்டேன். இந்தம்மாவ வேவு பாக்க மட்டும் நான் வேணும், சாவி கொடுக்க மனசு வரல."

உஷா அந்தச் சிவப்புத் தடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். ரிஷி கண் விழித்து, எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தண்ணீர் வேண்டும் என்று அழுதான்.